வான் டிக்கியும் நாலு வாளி பியரும்

எங்கள் ஆக்கள் கல்யாண வீட்டில் குடிக்கிற இடம் கார் டிக்கி. ரொறன்ரோவில் எந்தக் கல்யாண ஹோலுக்குப் போனாலும் பார்க்கலாம். உள்ளே பாட்டு நடக்கும். வெளியே பார்க்கிங் லொட்டின் கடைசி மூலையில் ஒரு வான் பின்கதவைத் திறந்தபடி நிற்கும். அதைச் சுற்றிக் கோட்டுப் போட்ட ஆம்பிளைகள். ஆளுக்கொரு பிளாஸ்ரிக் கப். பனி கொட்டினாலும் நிற்பார்கள். ஒருவர் கையுறையைக் கழற்றாமல் கச்சான் கடலை உடைத்துச் சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த வான் அநேகமாக என் மச்சானுடையது. மனைவியின் அண்ணர். பெரிய மீசை, பெரிய சத்தம். அவருடைய வானில் ஐஸ் பெட்டி, கப், மிக்சர், கடலை எல்லாம் எப்போதும் இருக்கும். கல்யாணத்துக்கு வருகிற ஆம்பிளைகள் ஹோல் வாசலைத் தேடுவதற்கு முதல் மச்சானின் வானைத் தேடுவார்கள். நானும் தேடினவன்தான்.

மகளுக்குக் கல்யாணம் சரிவந்தது. மாப்பிள்ளை அவளோடு படித்த பொடியன். நல்ல பொடியன். கண்டபாட்டுக்குக் கதைக்க மாட்டான். எனக்குப் பிடித்தது.

ஒரு நாள் வேலையால் வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மகள் போனைக் கொண்டுவந்து சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அப்பா, இதைப் பாருங்கோ."

மச்சானுடைய மகனின் ரிசெப்சன் வீடியோ. மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஹோலுக்குள் வருகிறார்கள். பெண்கள் எழும்பிக் கை தட்டுகிறார்கள். ஆம்பிளைகள் இருக்க வேண்டிய கதிரைகளில் ஹான்ட்பாக் இருக்கிறது. மச்சானின் கதிரையும் வெறுமை. சொந்த மகன் உள்ளே வருகிறான். தகப்பன் வெளியில் ஐஸ் போடுகிறார்.

"நீங்களும் இல்லை," என்றாள்.

"ஓம்."

"என்ரை என்ட்ரன்ஸுக்கு இப்பிடி இருக்கக் கூடாது அப்பா. எல்லாரும் உள்ளுக்க நிக்கோணும். மாமா கட்டாயம் நிக்கோணும். எனக்கு வேற கிஃப்ற் ஒண்டும் வேண்டாம். ப்றொமிஸ் பண்ணுங்கோ."

அவளுக்குக் கார் ஓடப் பழக்கியது மச்சான். நான் பழக்கப் போய் இரண்டு பேரும் முகத்தை நீட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அதற்குப் பிறகு மச்சான்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வானில் ஏற்றிக்கொண்டு போய், மூடிக் கிடந்த கடைகளின் பார்க்கிங் லொட்டில் சுற்றச் சுற்ற விட்டுப் பழக்கினார். அவளுக்கு மாமா என்றால் ஒரு தனிப் பட்சம்.

"சரி," என்றேன். சொன்னபிறகுதான் யோசித்தேன். மச்சானை எப்படி உள்ளே வைத்திருப்பது?

இன்னொரு கரைச்சலும் இருந்தது. மாப்பிள்ளையின் தாய் விஸ்கி, பிரண்டி ஒன்றும் ஹோலுக்குள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். பியர், வைன் என்றால் கண்டும் காணாமல் இருப்பாராம். விஸ்கி இல்லாத ஹோலுக்குள் எங்கள் ஆக்கள் என்னத்துக்கு இருப்பார்கள்?

"அப்பா, உங்கடை பியரைக் குடுப்பம்," என்றாள் மகள்.

நான் பியர் செய்வேன். பிறம்ரனில் நான் வேலை செய்கிற வெயார்ஹவுஸில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இருந்தார். பென்ஷன் எடுத்துப் போகும்போது தன்னுடைய வாளி, குழாய், போத்தலுக்கு மூடி அடிக்கிற கருவி எல்லாவற்றையும் என் காருக்குள் ஏற்றிவிட்டார். "நீ பேசாமல் இருக்கிற ஆள். இது பேசாமல் இருந்து பார்க்கிற வேலை," என்றார். பெரிய வித்தை இல்லை. மோல்ற் பாகை, அதாவது முளைவிட்ட பார்லிப் பாகை, தண்ணீரில் கொதிக்க வைக்க வேண்டும். ஹொப்ஸ் என்று ஒரு காய்ந்த பூ, வேப்பம்பூ மாதிரிக் கசக்கும், அதைப் போட வேண்டும். ஆறவிட்டு வாளியில் ஊற்றி ஈஸ்ற் தூவி மூட வேண்டும். மூடியில் ஒரு சின்னக் குழாய். உள்ளே இருக்கிற காற்று அதற்குள்ளால் குமிழி குமிழியாக வெளியே போகும். பிறகு போத்தலில் அடைத்து இரண்டு கிழமை விட வேண்டும். அவ்வளவுதான்.

வீட்டில் செய்ததைக் கல்யாணத்தில் விற்காமல் சும்மா கொடுக்கலாம். அதற்கு ஒரு பெர்மிற் வேண்டும். மகள் கொம்பியூட்டரில் எடுத்தாள். ஹோல்காரர் ஒரு நிபந்தனை வைத்தார். அவர்களுடைய ஆள்தான் ஊற்றும். ஒரு கிளாஸும் கதவுக்கு வெளியே போகக் கூடாது.

மனைவிக்கு இது பிடிக்கவில்லை.

"பெட்டையின்ரை கலியாணத்துக்குத் தகப்பன் சாராயம் காய்ச்சினவன் எண்டு சனம் சொல்லும்."

"சாராயம் இல்லை. பியர்."

"ரெண்டும் வெறிக்கும்தானே?"

"ஓம்."

"பிறகென்ன?"

அவ பேசுவதை நிறுத்தினால் ஓம் என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் நிறுத்தினா.

அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டு பேஸ்மென்றில் இரண்டாவது குசினி இருக்கிறது. பொரியல், மீன் எல்லாம் அங்கேதான். அதன் சுவரோடு நாலு வாளியையும் வரிசையாக வைத்தேன். சித்திரை மாதம். பெயருக்குத்தான் சித்திரை. வெளியில் இன்னும் பனி கிடந்தது. பேஸ்மென்றில் கால் விறைக்கும். ஈஸ்றைத் தூவி மூடிவிட்டு அடுத்த நாள் விடியவே மச்சானோடு மொன்றியலுக்குக் கல்யாணம் சொல்லப் போனேன். மொன்றியலில் மனைவி பக்கத்து ஆக்கள் கனபேர். அழைப்புக் காட்டைத் தபாலில் அனுப்பினால் வர மாட்டார்கள். நேரே போய்த் தட்டத்தில் வைத்துக் கொடுக்க வேண்டும். மனைவியும் வந்திருக்க வேண்டும். ஆனால் அந்த இரண்டு நாளும் வீட்டில் பலகாரச் சூடு. தாலிக்குப் பொன்னுருக்குகிற சடங்குக்கு அரியதரம், முறுக்கு என்று பலகாரம் சுடச் சொந்தக்காரப் பெண்கள் வர இருந்தார்கள்.

வானில் போகும்போது மச்சானிடம் விசயத்தைச் சொன்னேன். நாலு சொல்லில் சொன்னேன்.

"ஹோலுக்குள்ள இருந்தோ? என்னாலை ஏலாது மச்சான்," என்றார்.

"ஏன்?"

"உம்மடை மனிசி பாப்பாள்."

"அவவுக்குத் தெரியும்தானே நீர் குடிக்கிறது."

"தெரியும். ஊருக்கே தெரியும். ஆனா அவளுக்கு முன்னால ஒரு சொட்டு நான் வாயில வைச்சதில்லை. தங்கச்சியெல்லோ. டிக்கி எண்டால் ஒருத்தரும் காணேல்லை."

"எல்லாரும் காண்பினம். ஹோலுக்குக் கண்ணாடிக் கதவு."

"அது வேற, இது வேற," என்றார் மச்சான்.

அது வேறுதான். எனக்கும் விளங்கியது. கண்டும் காணாமல் இருப்பதற்கு ஒரு தூரம் வேண்டும். பார்க்கிங் லொட் அந்தத் தூரம்.

மொன்றியலில் முதல் வீட்டில் ரீ தந்தார்கள். கோப்பையை வாங்கினேன். போன் அடித்தது. மனைவி.

"இஞ்சாருங்கோ, உங்கடை வாளியள் மூச்சு விடேல்லை."

"விடும்."

"காலமை துடக்கம் பாக்கிறன். ஒரு குமிழியும் இல்லை. செத்துப்போச்சோ?"

"சாகாது. குளிர். ஆறுதலா விடும்."

"இந்தக் குளிருக்குத் தோசை மாவே புளிக்காது."

"ஒண்டும் செய்யாதையும். தொடாதையும்."

"சரி."

அந்தச் சரியை எனக்குத் தெரியும். அது சரி இல்லை. ஆனால் கையில் ரீ. எதிரே வயது போன ஒரு மாமி. விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் மத்தியானம் திரும்பி வருகிற வழியில் நானே போன் எடுத்தேன். மச்சான் வான் ஓடிக்கொண்டிருந்தார். வான் ஸ்பீக்கரில் மனைவியின் குரல். பின்னால் எண்ணெய் பொரிகிற சத்தம், பெண்களின் சிரிப்பு.

"இப்ப நல்லா மூச்சு விடுது," என்றா. குரலில் சந்தோசம்.

"என்ன செய்தனீர்?"

"நாங்கள் மாவை என்ன செய்யிறனாங்கள்? குசினி அவணுக்குள்ள வைச்சு லைற்றைப் போட்டு விடுறனாங்கள். உங்கடை வாளி அவணுக்குள்ள போகாது. அதுதான் ரெண்டுக்கு எலெக்ரிக் பிளாங்கற் சுத்தினது. மற்ற ரெண்டையும் பலகார அடுப்புக்குப் பக்கத்தில இழுத்து வைச்சு, குயில்ற்றாலை மூடினது."

"கழற்றும்."

"ஏன்? நல்லாப் பொங்குது. குழாய்க்குள்ளாலை நுரையே வருது."

"கழற்றும். கெதியா."

அப்போது ஒரு சத்தம் கேட்டது. வெடி மாதிரி இல்லை. பெரிய சட்டி மூடி விழுந்த மாதிரி. பிறகு பெண்கள் எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். ஒருத்தியின் குரல்: "அக்கா! மூடி பறந்திட்டுது!"

"எங்க?" என்றா மனைவி.

"சீலிங்கில அடிச்சு அரியதரத் தட்டுக்குள்ள விழுந்திட்டுது!"

நான் கேட்டேன்: "பியர் எவ்வளவு போச்சு?"

"பியரோ? அரியதரம் எவ்வளவு போச்செண்டு கேளுங்கோ!"

போன் நின்றுவிட்டது. மச்சான் வானைக் கரையில் நிறுத்தினார். ஓட முடியவில்லை அவரால். ஸ்ரியறிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். கிங்ஸ்ரன் தாண்டியும் சிரித்தார். "தோசைப் பியர். அரியதரப் பியர். மச்சான், நான் என்ரை டிக்கியை நம்புறன்."

வீட்டுக்கு வந்து பார்த்தேன். சீலிங்கில் பழுப்பாக ஒரு வட்டம். இன்றைக்கும் இருக்கிறது. ஒரு வாளியில் கால்வாசி போய்விட்டது. மற்றவை தப்பிவிட்டன. ஆனால் மூடியைத் திறந்தால் வாழைப்பழ வாசம். கதலி வாழைப்பழம் நல்லாய்க் கனிந்து கறுத்தால் வருமே, அந்த வாசம். வாயில் வைத்தேன். அதேதான். திரும்பச் செய்ய நாள் இல்லை.

கிழவருக்குப் போன் எடுத்தேன். ஈஸ்றுக்குச் சூடு கூடினால் அப்படித்தான் மணக்குமாம். "பழுது இல்லை. ஜேர்மன்காரர்கள் இந்த வாசம் வர வேண்டும் என்றே ஒரு பியர் செய்கிறார்கள். நீ தெரிந்து செய்தது மாதிரி நட," என்றார்.

எனக்கு நடிக்க வராது. ஆனால் பேசாமல் இருக்க வரும்.

போத்தலில் அடைக்கிற நாள் மனைவி தானே கீழே வந்தா. சேலையைச் செருகிக்கொண்டு போத்தல் கழுவினா. பிறகு மூடி அடிக்கிற கருவியை என் கையிலிருந்து வாங்கினா. நான் அடித்ததை விட நேராக அடித்தா. ஒரு தரம் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தா.

"வாழைப்பழம்," என்றா. கொஞ்சம் யோசித்தா. "கூடாமல் இல்லை."

தாலிகட்டு முடிந்தது. ரிசெப்சன் அடுத்த நாள் பின்னேரம். போத்தல்களை ஹோல்காரரின் ஆளிடம் கொடுத்தேன். அவர் ஒன்றைத் திறந்து மணந்து பார்த்து என்னைப் பார்த்தார். நான் பேசவில்லை. அவர் கிளாஸ்களை அடுக்கினார்.

சனம் வரத் தொடங்கியது. பெண்கள் உள்ளே வந்தார்கள். பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். ஆம்பிளைகளைக் காணவில்லை. கண்ணாடிக் கதவால் பார்த்தேன். கடைசி மூலையில் மச்சானின் வான். பின்கதவு திறந்து கிடக்கிறது. சுற்றிக் கோட்டுகள். மாப்பிள்ளை பொம்பிளையின் கார் வர அரை மணித்தியாலம்தான் இருந்தது.

மனைவி பக்கத்தில் வந்து நின்றா. அவவும் பார்த்தா.

"பிள்ளைக்குச் சொன்னனீங்கள்," என்றா.

"ஓம்."

ஒரு கிளாஸை எடுத்தேன். ஊற்றுகிற ஆள் வெளியே போகக் கூடாது என்று கையைக் காட்டினார். "ஒண்டுதான்," என்றேன். அவருக்குத் தமிழ் தெரியாது. என் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார்.

வானடிக்குப் போய் மச்சானிடம் நீட்டினேன்.

"இதோ வந்திட்டுது அரியதரப் பியர்!" என்று மச்சான் கத்தினார். எல்லாரும் திரும்பினார்கள். ஒரு வாய் குடித்தார். மீசை அப்படியே நின்றது. இன்னொரு வாய் குடித்தார்.

"டேய், உது பியரோ பஞ்சாமிர்தமோ?"

"எங்க பாப்பம்," என்றார் ஒருவர். கிளாஸ் கைமாறியது.

"ஐயோ, இது கதலிப்பழம்!"

"இல்லையடா, கப்பல் வாழைப்பழம்."

"கோயில்ல தாற மாதிரிக் கிடக்கு. திருநீறு எங்க அண்ணை?"

"எனக்கு விடுங்கோடா, முடிச்சுப்போட்டான் பாவி."

கிளாஸ் வெறுமையாகத் திரும்பி வந்தது. இன்னும் பத்துப் பேருக்கு மேல் குடிக்காமல் நின்றார்கள். குடித்தவர்களுக்குள் கதலியா கப்பலா என்று சண்டை.

"இன்னும் ரெண்டு கிளாஸ் கொண்டு வாரும் மச்சான்," என்றார் மச்சான்.

"ஏலாது. இதுவே களவாக் கொண்டந்தது."

"அப்ப?"

"உள்ளுக்குத்தான் இருக்கு," என்றேன். திரும்பி நடந்தேன். பின்னால் பார்க்கவில்லை. பாதி வழியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. நிறையச் சப்பாத்து.

நல்ல பியர் என்றால் ஒரு கிளாஸ் குடித்துவிட்டுத் திரும்பி டிக்கிக்குப் போயிருப்பார்கள். இது நொட்டை சொல்லக் கிடைத்த பியர். ஒருவர் சொன்னால் அடுத்தவர் அதற்கு மேல் சொல்ல வேண்டும். சொல்வதற்கு இன்னொரு கிளாஸ் வேண்டும். எங்கள் ஆக்களுக்கு விஸ்கியை விட இது ஏறும். பெண்களும் கேட்டார்கள். "வாழைப்பழம்தானே, எனக்கு ஒரு சொட்டு தாங்கோ," என்று ஒரு அன்ரி வாங்கி, முகத்தைச் சுளித்து, முழுவதையும் குடித்தா. மாப்பிள்ளையின் தாய் மற்றப் பக்கம் திரும்பியிருந்தா. சொன்ன சொல்லைக் காப்பாற்றினா.

மச்சானும் உள்ளே வந்துவிட்டார். ஆனால் தூண் ஒன்றுக்குப் பின்னால் நின்றார். கிளாஸ் கோட்டுக்குள். தங்கச்சி எங்கே என்று கண் தேடியது.

மனைவி நேரே அவரிடம் போனா. கல்யாணச் சேலை, தலை நிறையப் பூ. நான் இரண்டு அடி தள்ளி நின்றேன்.

"அண்ணை, கோட்டுக்குள்ள என்ன?"

"ஒண்டுமில்லை."

"வெளியில எடுங்கோ. கோட்டு நனையப் போகுது."

மச்சான் எடுத்தார். அந்தப் பெரிய ஆள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றார்.

"அது நான் பொங்க வைச்சது," என்றா மனைவி. "எல்லாரும் ஒண்டொண்டு சொல்லினம். நீங்கள் சொல்லுங்கோ. எப்பிடி இருக்கு?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் சீலிங்கைப் பார்த்தேன். அவர் கிளாஸைத் தூக்கித் தங்கச்சிக்கு முன்னால் குடித்தார். மெல்லமாகக் குடித்தார். முடித்தார்.

"உப்புப் புளி எல்லாம் அளவா இருக்கு," என்றார்.

மனைவி சிரித்தா. மச்சானும் சிரித்தார். பிறகு அவர் தூணுக்குப் பின்னால் நிற்கவில்லை. முன்வரிசையில் தங்கச்சிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

எல்லாரும் உள்ளே. எண்ணிப் பார்க்கத் தேவையில்லை. கதிரைகளில் ஹான்ட்பாக் இல்லை. நான் மூச்சு விட்டேன்.

அப்போது மச்சான் திடுக்கிட்டுப் பொக்கற்றைத் தடவினார். "ஐயோ மச்சான், டிக்கி திறந்தபடி. எல்லாம் அப்பிடியே கிடக்கு. ஒரு நிமிசம், பூட்டிப்போட்டு வாறன்."

அவரை விட்டால் போச்சு. டிக்கியடிக்குப் போன மச்சான் ஒரு நிமிசத்தில் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

"திறப்பைத் தாரும்," என்று வான் சாவிக்குக் கை நீட்டினேன். வாங்கிக்கொண்டு ஓடினேன்.

டிக்கிக் கதவு மூடவில்லை. ஒரு விஸ்கிப் போத்தல் உருண்டு விளிம்பில் கிடந்தது. அதை எடுத்தேன். உள்ளே வைக்கக் குனிந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு நீளக் கறுத்தக் கார் வந்து வானுக்குப் பக்கத்தில் நின்றது. பூ ஒட்டிய கார்.

கதவு திறந்தது. மகள் இறங்கினாள். மாப்பிள்ளை அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். பார்க்கிங் லொட்டில் வேறு ஒரு சீவன் இல்லை. நான் மட்டும். தலை டிக்கிக்குள். கையில் போத்தல்.

"அப்பா! சீரியஸ்லி?"

"பூட்டிறன் பிள்ளை."

"போத்தலோடயோ?"

"பூட்டேலாமல் கிடந்தது. இதுதான் தடுத்தது."

"மாமா எங்க?"

"உள்ளுக்க."

"உண்மையாவோ? மற்ற ஆக்கள்?"

"எல்லாரும் உள்ளுக்க."

அவள் கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். உள்ளே ஆம்பிளைத் தலைகள் நெருக்கமாகத் தெரிந்தன. சத்தமும் கேட்டது. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அப்ப நீங்கள் மட்டும்தான் டிக்கியில."

"ஓம்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். கண் மை கரையப் போகுது என்று மாப்பிள்ளை பயந்தான். பிறகு அவனும் சிரித்தான். நான் போத்தலை வைத்து டிக்கியை அடித்து மூடினேன்.

"வாங்கோ," என்று என் கையைப் பிடித்தாள்.

"நீங்கள் ரெண்டு பேரும்தானே வரவேணும்."

"விட்டால் நீங்கள் திரும்ப டிக்கிக்குப் போயிடுவியள்."

மூன்று பேராக உள்ளே போனோம். பாட்டுப் போட்டார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். மச்சான் விசில் அடித்தார்.

நாங்கள் உள்ளே வந்தபோது எடுத்த படத்தைப் பெரிதாக்கி வீட்டு வாசல் சுவரில் மாட்டியிருக்கிறோம். எல்லாரும் இருக்கிறார்கள். மச்சான் முன்னுக்கு நிற்கிறார், மீசையில் நுரை. மனைவி அவருக்குப் பக்கத்தில். மகள் நடுவில். ஒரு பக்கம் மாப்பிள்ளை, மறுபக்கம் நான். வருகிற ஆக்கள் பார்த்துவிட்டு, என் கையில் இருப்பது என்ன, மாப்பிள்ளைக்குக் கார் வாங்கிக் கொடுத்தீர்களோ என்று கேட்கிறார்கள்.

இல்லை. அது மச்சானின் வான் திறப்பு. அன்றைக்கு முழுக்க நான் அதை அவரிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.